நிலமும் சட்டமும்: ஒரு பிரதிநிதியின் மூன்றரை ஆண்டுகள்
(லுக்குட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பணி எத்தகையது என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இம்மன்றத்தார் என்னைக் கேட்டுக்கொண்டபோது, நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தின் 36 ஆசனங்களுள் ஒன்று இந்த லுக்குட்டுக்கும் உரியதாயிருக்க, இவ்வூராரிடம் சொல்வதற்கு என்னிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று சில நாள் யோசித்தேன். கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது, கோயில் திருவிழாவுக்கு மானியம் கேட்டு எங்கே மனுக் கொடுப்பது, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் யார் வந்து பார்ப்பார் என்பனவெல்லாம் நீங்கள் அறிந்தவை. இவற்றைச் செய்து கொடுப்பவர் நல்ல பிரதிநிதி என்று நாம் எண்ணுகிறோம், அவ்வெண்ணம் பிழையன்று. ஆயினும் சட்டசபைக்கு ஒருவரை அனுப்புவது சட்டம் செய்வதற்கே என்னும் மூலக்கருத்து நம் நினைவிலிருந்து மெல்ல நழுவிவிட்டது. அதை நினைவூட்டுவதற்குக் கடல் கடந்து, நூறாண்டுக்கு முன் சென்னையில் ஒரு சபையில் மூன்றரை ஆண்டுக் காலமே அமர்ந்திருந்த ஓர் அம்மையாரை உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவரை மருத்துவர் என்று அறிவோம். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் என்று போற்றுவோம். சட்டம் இயற்றிய கைவினைஞராக அவரைப் பார்ப்பவர்கள் குறைவு. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த எனக்கோ அவருடைய அந்தப் பணிதான் மற்றெல்லாவற்றையும்விட நெருக்கமாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1886ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த அக்கல்லூரியில் ஒரு பெண் சேர்வதை ஊரார் எதிர்த்தபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதியளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்று, 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்து, புகழும் வருவாயும் உள்ள வைத்தியராகச் சென்னையில் விளங்கினார். அதுவரையுள்ள வரலாற்றை விரிக்க இது இடமன்று.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இலேயே கிடைத்துவிட்டது; சட்டசபையில் அமரும் தகுதி 1926ஆம் ஆண்டுத் தேர்தலின்போதுதான் வந்தது. அத்தேர்தலில் மங்களூரிலே நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் சொற்ப வாக்குகளில் தோற்றார். ஒரு பெண்ணும் தேர்ந்தெடுக்கப்படாத நிலையில், இந்திய மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளுக்கிணங்கி அரசாங்கம் முத்துலட்சுமி அம்மையாரை நியமித்தது. மேல்படிப்புக்காகச் சீமைக்குச் சென்று அப்போதுதான் திரும்பியிருந்த அவர் முதலில் தயங்கினார். நோயாளிகளை விட்டுச் சபைக்குப் போவது தமக்குரிய தொழிலா என்று கலங்கினார். ஏற்றுக்கொண்ட பின் தயக்கம் இல்லை. 1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சபை கூடியபோது, நரசிம்ம ராஜு தலைவராயிருந்த அம்மன்றம் அவரை ஏகமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுத்தது. வாக்குக் கேட்டு வந்தவரல்லர், கட்சி பலம் இல்லாதவர், நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் நடுவே தனியொரு ஸ்திரீ; இத்தகைய ஒருவர் அங்கே என்ன சாதித்துவிட முடியும் என்று அக்காலத்தார் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

அவர் கையில் எடுத்த விஷயமோ எளிதன்று. சிறு பெண்களை ஆலயங்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் எழுந்தார். அவ்வழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் அதன் பொருளாதாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அம்மையாரின் சட்டத்திறமை வெளிப்பட்டது அங்கேதான். பொட்டுக்கட்டிய பெண் கோயிலிலே ஆடியும் பாடியும் தீபம் எடுத்தும் ஊழியம் செய்வாள். அவ்வூழியத்துக்காகத் தேவஸ்தானத்திலிருந்து அவள் குடும்பத்துக்கு மானியமாக நிலமோ நிலவருவாயோ கொடுக்கப்பட்டிருக்கும். ஊழியம் நடக்கும்வரை நிலம் உண்டு, ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே அடுத்த தலைமுறையில் பொட்டுக்கட்டுவதற்கு ஒரு பெண் இல்லையென்றால் சோறு போட்ட வயல் கைவிட்டுப் போகும் என்னும் அச்சத்தினால், தன் மகளையோ, மகளில்லாதபோது தத்தெடுத்த பிறர் பெண்ணையோ அத்தாய் கோயிலுக்கு அழைத்துச் செல்வாள். அவள் கொடியவள் அல்லள். நிலத்தையும் ஊழியத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தவர்கள் கட்டிய முடிச்சில் அகப்பட்டவள்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். என் பாட்டி நாற்பது ஆண்டுகள் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அத்தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வாளியும் கத்தியுமாக மலைச்சரிவில் ஏறி, பால் எடுத்து இறங்கி, ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வருவார். அந்த லயத்து வீட்டில் என் தாயார் பிறந்தார், நான் பிறந்தேன், வாசலில் பாட்டி நட்ட முருங்கை எங்கள் கூரைக்கு மேல் உயர்ந்து நின்றது. வயது முதிர்ந்து வேலை நின்றபோது, அந்த வீடும் நின்றுவிட்டது. வீடு வேலைக்குக் கொடுத்தது. வேலையில்லாதவளுக்கு வீடில்லை என்றார்கள். சொன்னவர் பொல்லாதவர் அல்லர். அவரும் சம்பளத்துக்கு அங்கே இருந்தவர்தாம். எங்கள் வீட்டில் வேறொரு பேச்சும் நடந்தது. என் சிறிய தாயாரைப் படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிய வைத்தால் வீடு மிஞ்சும் என்று பெரியவர்கள் கலந்து பேசினார்கள். அவ்வாறே செய்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பின்னர் முத்துலட்சுமி அம்மையாரின் சபைப் பேச்சுகளைப் பற்றிப் படித்தபோது, மானிய நிலம் போகாதிருக்க மகளைக் கோயிலில் விட்ட தாயின் முகத்தில் என் பாட்டியின் முகத்தைக் கண்டேன். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே நேர்ந்த இழிவு வேறு, இங்கே நேர்ந்த இழப்பு வேறு. முடிச்சு மட்டும் ஒன்றே.

அந்த முடிச்சை அம்மையார் எவ்வாறு அவிழ்த்தார் என்பதை இனிக் காண்போம்.

முதலில் அவர் நேர்வழியில் சென்றார். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் செய்யுமாறு இந்திய அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் பிரேரணையைச் சபையிலே கொண்டுவந்தார். சபையும் அதை ஏற்றது. ஆனால் பிரேரணை என்பது வேண்டுகோள், சட்டமாகாது. தண்டனைச் சட்டம் மாகாண சபையின் கையில் இல்லை; டில்லியின் கையில் இருந்தது. சிறுமியரைத் தீய வாழ்வில் தள்ளுவோரைத் தண்டிக்கும் பிரிவுகள் அச்சட்டத்திலே முன்னமே இருந்தன. கோயிலில் தெய்வத்தின் பெயரால் நடக்கும் சடங்கை அப்பிரிவுகளின் கீழ்க் குற்றமென்று நிரூபிப்பது அரிதாயிருந்தது. இங்கே பலர் நின்றுவிடுவார்கள். பிரேரணை நிறைவேறிற்று, நம் கடமை தீர்ந்தது, இனி மேலிடத்தார் பார்த்துக்கொள்வர் என்று ஆறுதலடைந்து அமர்ந்துவிடுவார்கள். அம்மையார் அப்படி அமரவில்லை. தம் சபைக்கு எதன்மீது அதிகாரம் இருக்கிறது என்று தேடினார்.

கிடைத்தது. கோயில் சொத்துகளை நிர்வகிப்பதற்கென்று சென்னைச் சபையே 1926இல் இந்து அறநிலையச் சட்டத்தை இயற்றியிருந்தது. சடங்கின்மீது கைவைக்க முடியாத மாகாண சபை, அச்சடங்குக்கு ஆதாரமாயிருந்த நிலத்தின்மீது கைவைக்கலாம் அல்லவா? அச்சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தேவதாசிகள் ஊழியத்துக்காக அனுபவித்துவந்த மானிய நிலங்களை அவ்வூழிய நிபந்தனையிலிருந்து விடுவித்து, ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களிடமே இருக்கும்படி செய்வதே அத்திருத்தத்தின் சாரம். 1929இல் அது சட்டமாயிற்று. அதிலே தண்டனை இல்லை, சிறை இல்லை, எந்தப் பெண்ணையும் பழிக்கும் ஒரு சொல்லும் இல்லை. நிலத்தைப் பற்றிய சில வரிகள் மட்டுமே. அவை ஒரு தாயிடம், ‘உன் மகளைக் கொண்டுபோய் விடாவிட்டாலும் உன் வயல் உனக்கே’ என்று சொல்லிவிட்டன. உறுப்பினராக அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது என்பது என் துணிபு. பின்வந்த தடைச்சட்டத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நானோ இந்தச் சிறு திருத்தத்தின்முன் கைகூப்புகிறேன்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. நாவன்மை மிக்க சத்தியமூர்த்தி அவர்கள் சாத்திரத்தையும் பழமையையும் துணைக்கழைத்து எதிர்த்தார். அவரோடு நாம் மாறுபடலாம். எளிதாய் விடை கூறலாம். எளிதில் விடை கூற முடியாத எதிர்ப்பு அந்தப் பெண்களிடமிருந்தே வந்தது. சென்னையில் தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு மனுக் கொடுத்தார்கள். தங்கள் குலத்துப் பெண்களுக்கு மட்டுமே உள்ள சொத்துரிமையும், கல்வியும், ஆடல் பாடல்களில் அடைந்த தேர்ச்சியும் இச்சட்டங்களால் அழிந்துபோகும் என்றும், தங்களை எல்லாம் ஒரே பழிச்சொல்லால் அழைப்பது அநியாயம் என்றும் முறையிட்டார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. மற்றக் குலங்களில் பெண்ணுக்குச் சொத்தில் பங்கே இல்லாத காலத்தில், அவர்கள் சொத்துக்கு உடையவர்களாயிருந்தார்கள். விடுவிக்கப்பட்ட நிலங்கள் காலப்போக்கில் அக்குடும்பங்களின் ஆடவர்க்கே அதிகம் பயன்பட்டன என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் எழுதியிருக்கிறார்கள். அம்மையார் அவர்களுடைய கலையின் அருமையைப் போதுமான அளவு மதிக்கவில்லை என்று நானும் கருதுகிறேன். ஒரு தலைமுறை கழிந்தபின் அதே ஆடற்கலை வேறு குலத்துப் பெண்களின் கால்களில் மேடையேறிக் கௌரவம் பெற்றதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஆனால் அவ்வழக்கத்தை உள்ளிருந்தே அனுபவித்து அறிந்த மூவலூர் இராமாமிர்தத்தம்மையார், அது ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று வாதாடினார் என்பதையும் மறத்தலாகாது. தம் தாயாரின் குலத்துச் சிறுமிகளுக்காக ஒருவர் எழுந்து பேசியதை, வெளியிலிருந்து வந்தவரின் உபதேசம் என்று தள்ளிவிடவும் முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தில், எது மத்திய அரசாங்கத்துக்குரியது, எது மாநிலத்துக்குரியது என்று ஒன்பதாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. தொழிலாளர் சம்பளம், கல்வி, மருத்துவம் ஆகியவை கோலாலம்பூருக்கு உரியவை. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான 1990ஆம் ஆண்டுச் சட்டமும் நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டதே. இவற்றையெல்லாம் காட்டி, ‘எங்கள் கையில் என்ன இருக்கிறது?’ என்று மாநில உறுப்பினர் ஒருவர் சொல்வாரானால், அவருக்கு அந்த அட்டவணையின் மாநிலப் பட்டியலைக் காட்டுங்கள். அங்கே நிலம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் வீடமைப்புப் பகுதியாக மாற வேண்டுமானால், விவசாய நிலம் என்னும் வகையைக் கட்டட நிலமாக மாற்றித் தரும்படி மாநில அரசாங்கத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின்படி அனுமதி கொடுப்பதும், கொடுக்கும்போது நிபந்தனை விதிப்பதும் சிரம்பானில் உள்ள அதிகாரத்தின் கையில்தான். பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்பதற்கும் தோட்ட நில வாரியத்தின் சம்மதம் வேண்டும். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்பட்டபோது, அக்கொடுமைக்கு மாற்றாகத் துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைக்கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். நிலம்தான் மூலம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இந்த லுக்குட்டின் வரலாறே நிலத்தின் வரலாறல்லவா? ராஜா ஜுமாஅத் குன்றின்மேல் கோட்டை எழுப்பி, ஈயத்தின் வருவாயால் இதைச் செழிப்பாக்கியபோது இது சிலாங்கூருக்கு உரியது. 1880ஆம் ஆண்டை ஒட்டி உடன்படிக்கை ஒன்றினால் சுங்கை ஊஜோங்குக்கு மாறிற்று. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் ரப்பர் வந்தது. ரப்பரோடு நாம் வந்தோம். காகிதத்தில் எழுதிய சில வரிகளால் இம்மண் கைமாறியபோதெல்லாம், அதன்மீது குடியிருந்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பதற்கு ஒரு சபை இருக்கிறது. அச்சபையிலே உங்களுக்கு ஓர் ஆசனம் இருக்கிறது. ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம், கால்வாயைப் பற்றிக் கேளுங்கள், கேட்கவேண்டியதுதான். அதோடு, ஒரு தோட்டம் வகை மாறும் விண்ணப்பம் வரும்போது, அத்தோட்டத்து லயங்களில் மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு வீட்டுமனை தருவதை நிபந்தனையாக வைக்கும்படி நீங்கள் சபையிலே எழுந்து பேசுவீர்களா என்றும் கேளுங்கள்.

விவாக வயது பற்றியும் ஒரு வார்த்தை. 1928இல் அம்மையார் சபையிலே கொண்டுவந்த மற்றொரு பிரேரணை, பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 வயது நிரம்பிய பின்னரே விவாகம் நடைபெற வேண்டும் என்று கோரியது. மறு ஆண்டு டில்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றே நிர்ணயித்தது. பிரசவ அறையில் குழந்தைத் தாய்மார்களைக் கண்ணால் கண்ட மருத்துவர் கேட்டது அதைவிட அதிகம். நம் நாட்டில் முஸ்லிமல்லாதாருக்கான விவாகச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 18 வயது நிரம்பாத பெண், 16 நிரம்பியிருந்தால், மாநில மந்திரி பெசாரின் அனுமதி பெற்று மணம் புரியலாம். நூறாண்டுக்கு முன் அம்மையார் கேட்ட அந்த 16 இன்றும் நம் சட்டத்தில் ஒரு வாயிலாகத் திறந்திருக்கிறது. அதன் சாவி மந்திரி பெசாரின் கையில் இருக்கிறது. அனுமதிகள் எத்தனை வழங்கப்பட்டன, எக்காரணம் பற்றி வழங்கப்பட்டன என்று சபையிலே ஒரு கேள்வி கேட்பதற்குப் பெரும்பான்மை பலம் வேண்டுவதில்லை. ஒரே ஓர் உறுப்பினர் போதும்.

ஏழைப் பெண்களின் பள்ளிக் கட்டணம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை என்று அவர் சபையில் வற்புறுத்தியவை இன்னும் உண்டு. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராயிருந்து நாடெங்கும் சுற்றினார். விபசார விடுதிகளை ஒடுக்கும் மாகாணச் சட்டம் 1930இல் நிறைவேறியதிலும் அவர் முயற்சிக்குப் பங்கு உண்டு.

அவ்வாண்டு மே மாதத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தின் விளைவாகக் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதைக் கண்டித்து அம்மையார் உபதலைவர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் துறந்தார். பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதா அப்போது அரைகுறையாய் நின்றது. அவர் எத்தகைய மனவேதனையோடு அதை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இன்னும் சில மாதங்கள் இருந்தால் முடித்துவிடலாம் என்று மனம் சொல்லியிருக்காதா? அவர் இருக்கவில்லை. சபையிலே செய்ததையும் செய்ய எண்ணியதையும் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி அவ்வாண்டே வெளியிட்டார். அந்த மசோதாவின் கருத்து சட்டமாவதற்கு 1947 ஆயிற்று. இடையிலே பதினேழு ஆண்டுகள்.

அந்தப் பதினேழு ஆண்டுகளின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். பொட்டுக்கட்டிக்கொள்ள மறுத்த சில சிறுமிகள் அம்மையாரைத் தேடி அவர் வீட்டுக்கு வந்தார்கள். நிலத்தை விடுவிக்கச் சட்டம் செய்தவர்தாம். ஆயினும் அன்றிரவு அப்பிள்ளைகள் எங்கே படுப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாணவியர் விடுதிகளில் இடம் கேட்டார். இவர்கள் இன்ன குலத்துப் பிள்ளைகள் என்று அறிந்ததும் விடுதிகள் ஏற்க மறுத்தன. இனி யாரிடம் மனுக் கொடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிராமல், தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். பாயும் தலையணையும் விரித்துக் கொடுத்த அந்த வீடுதான் பின்னர் ஔவை இல்லம் என்று பெயர் பெற்றது.